ஐந்துக்கும் எட்டுக்கும் நான் வைத்த பந்தயம்

திருத்தணிக்கு வருகிற பக்தர்களுக்கு லாட்ஜில் அறை பதிவு செய்து தரும் இணையதளம் ஒன்றில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஓட்டல் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான் எங்கள் கம்பெனி. அதன் புரோகிராம் முழுவதையும் தனி ஆளாக எழுதியவர் என் அக்காவின் கணவர். அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். இப்போது அவர் அங்கே இல்லை. அதற்குக் காரணம் நான்.

பாவா எழுதியது பிஎச்பி என்ற கணினி மொழியின் ஐந்தாம் வெர்ஷனில். ஊர் உலகமெல்லாம் எட்டுக்குப் போய்விட்டது, அவர் போகவில்லை. கிருத்திகை வந்தால் போதும், ஆயிரம் பேர் ஒன்றாக நுழைந்து அறை கேட்க, தளம் திணறிவிடும். புதிய வெர்ஷனுக்கு மாறினால் பறக்கும் என்று யாரோ முதலாளி காதில் ஓதிவிட்டார்கள். மாற்றித் தர சென்னையில் ஆட்களும் தயார்.

"மொழி மேல தப்பு இல்லீங்க. ரூம் கணக்கு வெச்சிருக்கற டேட்டாபேஸ் பதில் சொல்ற வரைக்கும் எல்லாம் காத்துகினு கெடக்குது. அத சரி பண்ணா போதுங்க" என்று பாவா படித்துப் படித்துச் சொன்னார். ஐம்பதை நெருங்குகிறவர், வேலை போய்விடுமே என்ற பயத்தில் பேசுகிறார் என்று முதலாளி நினைத்தார். உண்மையைச் சொல்வதென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நீயே ரெண்டையும் ஓட்டிப் பாத்து சொல்லுப்பா. நீ சொல்றதுதான் முடிவு" என்றார் முதலாளி. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறைப் பட்டியல் காட்டும் பக்கத்தை மட்டும் எட்டில் ஓடும்படி திருத்தினேன். ஒரே அளவு சர்வர் கம்ப்யூட்டர் இரண்டு வேண்டும். எட்டுக்குப் புதிதாக ஒன்றை நிறுவினேன். ஐந்துக்கும் அப்படியே செய்திருக்க வேண்டும். சோம்பல். ஏற்கெனவே என் கைவசம் இருந்த சர்வரையே எடுத்துக்கொண்டேன். ஐந்து ஒரு பக்கம் தருவதற்குள் எட்டு நாலு பக்கம் தந்துவிட்டது. காலையில் ஓட்டினாலும் மதியம் ஓட்டினாலும் அதே கதை. கலர் கலராகப் பட்டை வரைபடம் போட்டு முதலாளி மேசையில் வைத்தேன். பாவா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து வந்தது ஆடிக் கிருத்திகை. மலைப்படி முழுக்கக் காவடி. சென்னை ஆட்கள் மாற்றித் தந்த புத்தம் புதிய எட்டாம் வெர்ஷனில் எங்கள் தளம் பழையபடியே படுத்துக்கொண்டது. நாலு மடங்கு வேகம் எங்கே போனது என்று புரியாமல் மறுநாள் பந்தயத்தில் ஐந்து ஓடிய சர்வரைத் திறந்து அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எப்போதோ ஒரு பிழையைத் தேடுவதற்காக நான் போட்டு வைத்த டீபக்கர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி விசாரிக்கிற கருவி அது. வேகம் பார்க்கும்போது முதலில் அணைக்க வேண்டியதும் அதுதான். பாவாவின் புரோகிராமைக் காலில் கல்லைக் கட்டி ஓட விட்டிருக்கிறேன்.

அணைத்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். எட்டு முந்தத்தான் செய்தது, ஆனால் மயிரிழையில். இரண்டுமே பெரும்பாலான நேரம் டேட்டாபேஸ் பதிலுக்காகச் சும்மா காத்திருந்தன. பாவா சொன்னது அத்தனையும் உண்மை.

முதலாளியிடம் ஓடினேன். "புதுசு முந்துச்சா இல்லியா? முந்துச்சு இல்ல? அப்புறம் என்னப்பா, விடு" என்றார். இனி எந்தச் சர்வரில் எதை ஓட்டிக் காட்டினாலும் போனது போனதுதான்.

ரயிலேறி அரக்கோணம் போனேன். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில், ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஆன்லைனில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார் பாவா. ஒரு மொழியையே கரைத்துக் குடித்த மனிதர், யாருடைய அப்பா பெயரையோ எழுத்துக்கூட்டி அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் மச்சான். அன்னிக்கே அந்த சர்வருக்குள்ள பூந்து பாத்தேன். டீபக்கர் ஓடிகினு இருந்துச்சு."

"அப்ப ஏன் பாவா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்திட்டு திருப்பி ஓட்டியிருப்பேனே!"

"நீ வேணும்னேதான் போட்டு வெச்சிருக்கறன்னு நெனச்சேன். என் எடம் ஒனக்கு வேணும் போலன்னு நெனச்சேன். வெளிய சொன்னா உங்க அக்கா தாங்க மாட்டா. அதான் கம்முனு வந்துட்டேன்."

"மறந்துட்டேன் பாவா. சத்தியமா மறந்துட்டேன்" என்றேன்.

"ஆங்" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.