சீஸ்காரரின் மூக்கு

சீஸ் செய்யும் அவரைத் தெருவில் எல்லோரும் 'மூக்கு' என்றுதான் சொல்வார்கள். மூக்கு பெரிதாக இருந்ததற்காக இல்லை. பால் கேனைத் திறந்ததுமே, மாடு ஈரப்புல் தின்றதா காய்ந்த புல் தின்றதா என்று சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டு அடுப்பில் குழம்பு அடிபிடிப்பது அந்த வீட்டுக்காரிக்குத் தெரியும் முன்பே இவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த மூக்கை நம்பித்தான் மளிகைக்கடை அக்கா, தன் கடைக்கென்றே ஒரு சீஸ் செய்து தரச் சொன்னாள். உள்ளங்கை அகல வட்டுகள். ஆறு வாரம் குளிரறையில் இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துத் திருப்பி வைக்க வேண்டும். பக்குவம் வந்துவிட்டதா என்பதை வாசனைதான் சொல்லும். நான்கு வருடம் அந்தச் சீஸ் வந்த வேகத்தில் விற்றுப்போனது.

பிறகு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போனது, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை, மனைவியிடம்கூட. வழக்கம்போல வட்டை மூக்கருகே கொண்டுபோவார், தலையாட்டுவார், நாட்களைக் கணக்கிட்டு அனுப்பிவிடுவார்.

இரண்டு முறை தப்பித்தார். மூன்றாம் முறை அக்கா பெட்டியோடு பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, மோந்து பாத்துட்டுத்தான் அனுப்புனியா?"

"பாத்தேங்கா."

"இப்ப பாரு."

ஒரு வட்டை எடுத்து ஆழமாக மூச்சை இழுத்தார். "நல்லாத்தானே இருக்கு."

துணி அலசிக்கொண்டிருந்த மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். அழுகல் நாற்றம் பட்டறை முழுக்கப் பரவியிருந்தது. அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. இருவர் முகத்தையும் பார்த்ததும் வட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"எத்தன நாளா?" என்றாள் மனைவி.

"மூணு மாசமா."

"எங்கிட்டகூடச் சொல்லலையே?"

"சொன்னா அப்புறம் நான் யாரு?"

சண்டை போட வந்த அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உன் பொண்டாட்டிக்கும் மூக்கு இருக்குல்ல?" என்றாள்.

அன்றிலிருந்து மனைவி மோந்தாள். முதலில் பயந்து பயந்துதான். ஆனால் அடுத்த முறை போன வட்டுகள் இரண்டே நாளில் தீர்ந்துபோயின. "முன்னவிட நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்று அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். அன்று மதியம் அவர் தட்டில் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது.

வாசனை திரும்பவே இல்லை. இப்போதும் அவர்தான் பாலை உறையவைத்து, வட்டுகளைத் துடைத்துத் திருப்புகிறார். அவள் ஒன்றை எடுத்து மோந்து பார்க்கும்போது வேலையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார்.

"எப்படி இருக்கு?"

"மழ பேஞ்ச மண்ணு மாதிரி. கொஞ்சம் காளான் வாசம்."

"அப்புறம்?"

அவள் சொல் தேடித் தவிப்பாள். சில நாள் இல்லாததையும் சேர்த்துச் சொல்வாள். அது அவருக்கும் புரியும். "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே துணியைப் பிழிவார்.