நான் போட்ட பூட்டும் அரியலூர் பஸ்ஸும்

பெரம்பலூரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் நான், இன்று ஒரு அக்காவை வீணாக அலைய விட்டுவிட்டேன்.

பூலாம்பாடியிலிருந்து வந்திருந்தார். கணவருடைய ஸ்கேன் படங்களைச் சென்னை ஆஸ்பத்திரி மெயிலில் அனுப்பியிருந்தது. நாளைக் காலை திருச்சி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மெயில் திறந்தது. படங்கள் மட்டும் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றன. எத்தனை முறை முயன்றும் அதே கதை.

"லைன் சரியில்லக்கா. அரியலூர் போய்ப் பாருங்க" என்றேன். கையிலிருந்த டிபன் பையோடு பஸ் ஏறப் போனார்.

பிறகுதான் உறைத்தது. வைரஸுக்குப் பயந்து போன வாரம் ஃபயர்வாலில் நான் ஒரு தடை போட்டிருந்தேன். அதை எடுத்துப் பார்த்தேன். இன்னொரு பெரிய ஃபைல் மளமளவென்று இறங்கியது. 'டேட்டா பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு' என்று மெயில் சர்வருக்கு இங்கிருந்து போக வேண்டிய தகவலையும் அந்தத் தடை மறித்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது.

சாயங்காலம் அவரே கடைக்கு வந்தார், கையில் சிடியோடு.

"கெடச்சிருச்சு தம்பி. நீங்க ரொம்ப மெனக்கெட்டீங்களேன்னு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன். அங்க லைன் நல்லாருக்கு. நீங்களும் அதையே வாங்கிப் போடுங்க."

"சரிங்கக்கா" என்றேன்.

இந்த வாரம் என் பேச்சைக் கேட்டு அரியலூர் போன மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் மெதுவாகத் திட்டுங்கள்.