மகளின் குரைப்பு இருமல்

என் கணவர் ஈரோட்டுக்காரர். வெலிங்டனில் ராணுவ அலுவலக வேலை கிடைத்து மலையேறியவர். எத்தனை வருஷம் ஆனாலும் குளிரோடு மட்டும் அவர் சமாதானமாகவில்லை. ஐப்பசி பிறந்தால் ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்துவிடுவார். கூடத்தில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருக்கும். புகையில் எங்கள் கண் எரிந்தாலும் பரவாயில்லை, பனி உள்ளே வந்துவிடக் கூடாது.

மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஜலதோஷத்தோடு விளையாடிக்கொண்டிருந்தவள், ஒரு சாயங்காலம் திடீரென்று நாய் குரைப்பதுபோல் இருமினாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் கிரீச்சென்று ஒரு சத்தம். தொண்டைக்குழி உள்வாங்கி உள்வாங்கி வந்தது. இவர் ஓடிப்போய் அடுப்பில் இன்னும் கொஞ்சம் கரியைப் போட்டார். எனக்கு வந்த கோபத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஜீப்பில் குன்னூருக்குப் புறப்பட்டோம். பின்பக்கத் தார்ப்பாய் கிழிந்திருந்ததால் பனிக்காற்று முகத்தில் அடித்தது. இவர் கம்பளியால் மூட மூட, அவள் உதைத்துத் தள்ளினாள். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

"சரியாப் போச்சாட்ட இருக்குது. ஊட்டுக்குப் போயிரலாமா?" என்றார்.

டாக்டரம்மா விடவில்லை. "குளுந்த காத்து பட்டதுல கொஞ்சம் அடங்கியிருக்குதுங்க. தொண்டைக்குள்ள வீக்கம் அப்படியேதான் இருக்குது. ஸ்டீராய்டு மருந்து குடுத்தாத்தான் வடியும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் இவர் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாமுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தரு அதைத் தின்னு தின்னு மொகமே உப்பிப்போச்சுங்க."

"அவரு வருசக்கணக்கா சாப்பிட்டிருப்பாருங்க. இது ஒரே ஒரு வேளை."

இவரைக் குறை சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்துத்தானே மனிதன் பயப்படுகிறான்? அதற்குள் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்து மிரண்டு மகள் அழ ஆரம்பித்தாள். கிரீச் சத்தம் முழுசாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு தெரிந்தது.

"அழ உடாதீங்க, மடியிலயே வெச்சுக்குங்க," என்றார் டாக்டரம்மா.

இவர் அவளை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "குடுங்க," என்று மருந்துக்குக் கையை நீட்டினார். சொட்டுச் சொட்டாக அவரே ஊட்டினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

மருந்து உடனே கேட்கவில்லை. அங்கேயே பெஞ்சில் காத்திருந்தோம். அழுது ஓய்ந்தவள் அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒரு கட்டத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. நான் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தேன். இவருக்கோ அந்த அமைதிதான் தாங்கவில்லை. மூக்கருகே விரலை வைத்தார், நெஞ்சில் காதை வைத்தார், அப்போதும் நம்பாமல் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

விழித்தவள் கட்டிய குரலில் கத்தினாள். "போப்பா!"

"இன்னொருக்காத் திட்டு சாமி," என்றார் அவர்.