அடித்தரை இல்லாத சேறு

கிருபானந்தன் சீருடையைக் கண்டால் நடப்பதை நிறுத்திவிடுவார். காவலரின் சீருடைதான் என்றில்லை. தொடருந்தில் பயணச்சீட்டைச் சோதிக்கும் ஊழியரும், பாடசாலை வாசலில் பிள்ளைகளைத் தெருக் கடக்கவைக்கும் முதியவரும் அவருக்கு ஒன்றுதான். மெல்பேர்னின் நோபல் பார்க்கில் உள்ள எங்கள் வீட்டின் பின்னறையில் அவர் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். இத்தனை காலத்தில் ஒருநாளேனும் அழைப்பு மணி கேட்டு அவர் வாசற்கதவைத் திறந்ததில்லை.

கிளிநொச்சிக்கு அப்பால், குளத்து நீர் பாயும் வயற்காணிகளின் நடுவே வளர்ந்தவர் அவர். போர் முடிந்தபின் இருமுறை விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டார். மூன்றாம் முறை அழைக்கப்படுமுன் படகேறினார். மனைவி மேனுகாவும் மகளும் இன்னும் அங்கேதான் இருக்கின்றனர். இங்கே அவருக்கு இருப்பது தற்காலிக விசா; வழக்கோ முடிவின்றி இழுபடுகிறது. தம் பெயர் எந்த அதிகாரியின் கையாலும் புதிதாக எழுதப்படாதிருக்கும் வரையில்தான் தாம் இந்நாட்டில் இருக்கலாம் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வழக்கறிஞர் சொல்லியும், நாங்கள் சொல்லியும் அம்முடிவு அசையவில்லை.

மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே ஒரு மரக்கறித் தோட்டத்தில் அவருக்கு வேலை. அந்நிலம் முழுவதும் ஒரு காலத்தில் பெருஞ்சதுப்பாக இருந்தது. வெள்ளையர் நெடிய வாய்க்கால்களை வெட்டி நீரை வடித்துவிட்டு, அங்கே செலரியும் அஸ்பரகஸும் பயிரிட்டனர். மேல்மண் கரிய நிறம். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். பார்ப்பவர் எவரும் நல்ல மண் என்றே சொல்வர். ஆனால் வடிந்தது மேலே நின்ற நீர் மட்டுமே. அடியிலுள்ள களிமண் ஒரு சொட்டையும் கீழே இறங்கவிடாது. மாரிகாலத்தில் மழை பெய்தால் அந்தத் தட்டையான நிலத்தில் நீருக்குப் போக்கிடமே இல்லை.

சென்ற ஆண்டு, இங்கே மாரிகாலமான ஓகஸ்ட் மாதத்தில், மிருணாளினி என்ற இளம்பெண் அத்தோட்டத்துக்கு வந்தார். மதுரையில் பிறந்து, கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் மண்ணை ஆராய்பவர். துளைக்கருவியைப் பிடித்து அழுத்த ஒருவர் வேண்டுமென்று அவர் கேட்க, தோட்டத்து மேற்பார்வையாளர் கிருபானந்தனை அனுப்பிவைத்தார். அன்று நடந்ததை இருவரும் பின்னர் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை.

நிலத்திலிருந்து உருவியெடுத்த மண்ணை மிருணாளினி ஒரு நீண்ட தகட்டில் கிடத்தினார். உடனே நாற்றம் எழுந்தது.

“ஐயோ பிள்ளை, உதென்ன மணம்? முட்டை அழுகினமாதிரிக் கிடக்கு!”

“காத்தே போகாத மண்ணுண்ணா. உள்ளுக்குள்ள மூச்சு முட்டிப் போயிருக்கு. அதான் இந்த வாடை.”

“அப்ப எங்கட சூப்பர்வைசருக்கும் உள்ளுக்குக் காத்துப் போறேல்லைப் போல.”

மிருணாளினி சிரித்துவிட்டுத் தகட்டைத் திருப்பிக் காட்டினார். மேலே, மக்கி முடியாத தாவரங்களின் கரிய அடுக்கு. அதன்கீழே சாம்பல் நிறக் களி. இன்னும் கீழே சென்றால் அது நீலம் பாய்ந்த சாம்பலாக, ஈரப் பிணத்தின் நிறத்தில் இருந்தது. மண்ணிலுள்ள இரும்பு காற்றுப் பட்டால் துருவேறிச் சிவக்கும். ஆண்டு முழுவதும் நீரில் ஊறிக்கிடந்தால் நிறமிழந்துவிடும். பழைய வேர்கள் ஊடுருவிச் சென்ற தடங்களில் மட்டும் சிறிது காற்று நுழைந்து, செம்மஞ்சட் கோடுகளை விட்டுச் சென்றிருந்தது.

“கனடாவுல நான் வேலை பாத்த இடமும் இப்படித்தாண்ணா. ஒரு காலத்துல பனிப்பாறை உருகி நின்ன பெரிய ஏரி. ஏரி போயிடுச்சு, அடியில படிஞ்ச களிமண் மட்டும் அப்படியே தட்டையாத் தங்கிடுச்சு. இங்க பனிப்பாறை இல்ல. ஆனா மண்ணோட குணம் அதேதான். மேல காஞ்ச மாதிரி இருக்கும், நம்பாதீங்க.”

“பிள்ளை, நான் நடக்கப் பழகினதே சேத்துக்குள்ளைதான். எனக்கு வகுப்பெடுக்கிறீரோ?”

“சரிங்க வாத்தியாரே,” என்றார் மிருணாளினி.

வயற்சேற்றில் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. தயங்கித் தயங்கிக் கால்வைப்பவர் சரிந்து விழுவார். ஆகையால் முழுப் பாரத்தையும் ஒரே காலில் கொடுத்து இறங்க வேண்டும். முழங்காலளவில் அடித்தரை தட்டுப்படும். கலப்பையும் மாட்டுக் குளம்பும் பன்னெடுங்காலமாக இறுக்கிய தரை அது. அதில் ஊன்றிக்கொண்டு மறுகாலை எடுத்துவைக்க வேண்டும். கிருபானந்தனின் கால்களுக்கு வேறு முறை தெரியாது.

மதியத்துக்குப் பின் மழை வலுத்தது. மேற்பார்வையாளர் சந்தைக்குச் சென்றிருந்தார். ஏனையோர் தொலைவிலுள்ள கொட்டகையில் மரக்கறி பொதிசெய்துகொண்டிருந்தனர். துளைக்கருவியின் இரும்புத் தண்டொன்று நழுவி, பாசி மூடிய பழைய வாய்க்காலுக்குள் விழுந்தது.

“விடுங்கண்ணா, போகட்டும்.”

“உந்தா தெரியுது பிள்ளை. கையெட்டுற தூரம்.”

கிருபானந்தன் சப்பாத்துகளைக் கழற்றிவைத்து, காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வலது காலை முழுப் பாரத்துடன் இறக்கினார். முழங்கால் மறைந்தது. தரை வரவில்லை. தொடை மறைந்தது. அப்போதும் வரவில்லை. உடல் பழகிய முறைப்படியே, வலக்காலை மீட்பதற்கு இடக்காலை ஓங்கி ஊன்றினார். அதுவும் இறங்கியது. இடுப்பளவில் நின்றபோதும் அவருடைய பாதங்களுக்குக் கீழே எதுவும் இருக்கவில்லை.

முதலில் அவர் சிரித்தார். “நில்லும் பிள்ளை, இப்ப வாறன்.”

காலை இழுத்தார். கணுக்காலை யாரோ பற்றிக்கொண்டிருப்பதைப்போல் இருந்தது. மீண்டும் இழுத்தார், ஒரு காலில் கிடைத்த உயரத்தை மறுகால் இழந்தது. குளிர் எலும்புக்குள் புகுந்தது. மிருணாளினி கரையில் முழந்தாளிட்டு அவர் கையைப் பற்றினார். ஈரக்கரை அவருடைய முழங்காலுக்கடியில் பிளந்து உதிர்ந்தது. பின்வாங்கிக் குப்புறப் படுத்துக்கொண்டு மீண்டும் இழுத்துப் பார்த்தார். பயனில்லை. கொட்டகையை நோக்கிக் கத்தினார். மழையிரைச்சலைத் தாண்டி அக்குரல் செல்லவில்லை. அப்போதுதான் அவர் மற்றொன்றைக் கவனித்தார். மேலுள்ள வயல்களின் மழைநீரெல்லாம் அந்த வாய்க்காலுக்கு வந்துகொண்டிருந்தது. இடுப்பளவில் நின்ற நீர் இப்போது விலாவைத் தொட்டது.

மிருணாளினி தொலைபேசியை எடுத்தார்.

“வேண்டாம்! ஃபோனை வையும்!”

“ஃபயர் சர்வீஸைத்தாண்ணா கூப்பிடறேன். போலீஸ இல்ல.”

“எல்லாம் ஒண்டுதான். வந்தவுடனை பேரைக் கேப்பாங்கள். என்ர கேஸ் நடக்குது பிள்ளை. திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்.”

“சேத்துல மாட்டினவர யாருண்ணா நாடு கடத்துவாங்க?”

“உமக்கு அவங்களைத் தெரியாது.”

“எனக்கு இந்த மண்ணத் தெரியும்! தண்ணி ஏறுது, பாக்கறீங்களா இல்லையா?”

“பாக்கிறன். கொட்டிலுக்கு ஓடிப்போய் எங்கட ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

“நான் திரும்பி வர்றப்போ நீங்க இருக்கமாட்டீங்க.”

கிருபானந்தனின் பற்கள் தந்தியடித்தன. “பிள்ளை, உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்,” என்றார்.

கும்பிடுவதற்காகக் கரையைப் பற்றியிருந்த கைகள் இரண்டையும் எடுத்தார். அக்கணமே மார்பளவு இறங்கிவிட்டார்.

“என்னத் திட்டுங்க, அடிங்க. நான் கூப்பிடத்தான் போறேன்,” என்று அழுதுகொண்டே மிருணாளினி எண்களை அழுத்தினார்.

அதற்குப் பிந்திய நேரத்தை அவர்கள் இருவராலும் அளந்துசொல்ல இயலவில்லை. மிருணாளினி தம் மழையங்கியைக் கழற்றி முறுக்கி, அவருடைய அக்குள்களுக்கடியில் கொடுத்து, மறுமுனையைத் தம் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். கிருபானந்தன் மேனுகாவின் பெயரை ஒருமுறை சொன்னார். பின்னர் தொலைவில் தீயணைப்பு வண்டியின் ஊளையொலி கேட்டது. அதைக் கேட்டதும், அதுவரை அசையாதிருந்தவர் வெறிகொண்டவர்போல் திமிறத் தொடங்கினார். அவர்கள் வருவதற்குள் வெளியேறிவிட வேண்டும்! ஒவ்வொரு திமிறலுக்கும் சேறு அவரை மேலும் சிறிது வாங்கிக்கொண்டது. நீர் தோளை மூடியது. சேற்றை விடவும் அந்த ஒலிக்கே அவர் அஞ்சினார் என்று மிருணாளினி பின்னர் என்னிடம் சொன்னார்.

தீயணைப்புப் படையினர் பலகைகளை வாய்க்காலின் குறுக்கே பரப்பினர். அவர்களுள் ஒரு பெண் பலகைமேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தார். மெல்லிய குழாயொன்றைக் கிருபானந்தனின் காலோரமாக இறக்கி, அதன் வழியே நீரைச் செலுத்திச் சேற்றின் பிடியை இளக்க முயன்றார். அசையாமல் பின்னால் சாயுமாறு ஆங்கிலத்தில் சொன்னார்.

“அண்ணா, பின்னால சாயுங்க! மல்லாக்கப் படுக்கற மாதிரி! அவங்க தாங்கிப்பாங்க!”

கிருபானந்தன் சாயவில்லை. விறைத்துப்போய், சீருடையின் கழுத்துப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீர் மோவாயைத் தொட்டது. அந்தப் பெண் இன்னும் நெருங்கி ஊர்ந்துவந்தார். அவருடைய கன்னம் பலகையில் அழுந்தியது; முகமெல்லாம் சேறு; வாயோரத்தில் பாசி ஒட்டியிருந்தது. சீருடை அணிந்த ஒருவர் தம் கண்மட்டத்துக்கு இறங்கிக் கிடந்து தம்மைப் பார்த்ததைக் கிருபானந்தன் அதற்குமுன் கண்டதில்லை.

“உங்கள் பெயர் என்ன?” என்று அப்பெண் கேட்டார்.

அந்த ஆங்கிலக் கேள்வியை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பதிலை மிருணாளினி அவருக்கே விட்டுவிட்டார். கிருபானந்தனின் உதடுகளுக்கிடையே நீர் புகுந்தது. அதைத் துப்பினார்.

“விஜயரத்தினம் கிருபானந்தன்,” என்றார். விசாரணைகளில் சொல்லிப் பழகியவாறே, தந்தையின் பெயரோடு முழுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டு, அப்பெண்ணின் கைமேல் பின்னால் சாய்ந்தார்.

முதலில் இடக்காலும், நெடுநேரத்துக்குப் பின் வலக்காலும் விடுபட்டன. பலகையில் கிடத்தி இழுத்தபோது அவருடைய விரல்கள் அந்தச் சீருடையின் கையைப் பற்றியிருந்தன. தூக்குப்படுக்கைக்கு மாற்றுவதற்காக அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வெள்ளிநிறப் போர்வையால் சுற்றிய பிறகும் அவருடைய உடல் உதறிக்கொண்டேயிருந்தது.

“பேரை எழுதிப்போட்டாங்களோ?”

“எழுதிக்கிட்டாங்கண்ணா.”

“இப்ப என்னை எங்கை கொண்டு போறாங்கள்?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“ஆஸ்பத்திரிக்கு மட்டும்தானே?”

தோட்டத்து வாயிலில் காவலர் வாகனமொன்று மெல்ல வந்து நின்றதை மிருணாளினி கண்டார். அது எதற்காக வந்ததென்று அவருக்குத் தெரியாது. தூக்குப்படுக்கையைச் சுற்றி அப்பக்கமாக வந்து, கிருபானந்தனின் பார்வையைத் தம் உடலால் மறைத்தபடி நடந்தார்.

“ஓம் அண்ணா,” என்றார். “ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.”