திரையிலிருந்து ஒன்றும் வரவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் வரவில்லை. திரையிலிருந்து கையும் வரவில்லை, கப்பலும் வரவில்லை, நெருப்புக் கோளமும் வரவில்லை. ஒன்பது வயதில், அம்பத்தூர் தியேட்டர் ஒன்றில், நிரம்பி வழிந்த கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்று இதைத்தான் சொன்னேன். இப்போது ஐம்பதைத் தொடப்போகிறேன். சர்க்கரை வந்துவிட்டது, முட்டிவலி வந்துவிட்டது, அது மட்டும் இன்னும் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டினார். அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம், அம்மாவுக்குப் பூந்தமல்லி. இந்த இரண்டு ஊரும் எப்படிச் சம்பந்தம் செய்துகொண்டன என்பது தனிக் கதை. இரண்டு தரப்பும் இன்றுவரை எதிர்த்தரப்பைத்தான் கைகாட்டுகின்றன.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. குவார்ட்டர்ஸில் அதற்குப் பெயர் கண்ணாடிப் படம். வாசலில் கறுப்புக் கண்ணாடி கொடுப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டால் படம் நம் மடியில் வந்து உட்காரும் என்றார்கள். மனிதர்கள் பூமியை விட்டுவிட்டுக் கடல் மேலேயும் வானம் கீழேயும் இருக்கிற ஒரு கிரகத்துக்குக் குடிபோகிற கதை. படம் எடுத்தவர் வெள்ளைக்காரர், இங்கே ஓடியது தமிழ் டப்பிங். அந்தக் கிரகத்து ராஜா மட்டும் பழைய நாடக மேடைக்காரர் மாதிரி தூய தமிழில் முழங்குவார். பக்கத்து பிளாக் பையன் ஒருவன் விண்கல்லைக் கையால் தடுத்ததாகச் சொல்லி முழங்கையில் சிராய்ப்பைக் காட்டினான். அது அவன் சைக்கிளிலிருந்து விழுந்த சிராய்ப்பு. விழுந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனாலும் அன்று அவனைச் சுற்றித்தான் கூட்டம்.

படத்துக்கு எங்களைக் கூட்டிப்போனவர் மாமா, அம்மாவின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. அப்பாவும் வந்ததுதான் ஆச்சரியம். அப்பா சினிமாவுக்குப் போகிறவரில்லை. கூப்பிட்டால் டூட்டி என்பார். டூட்டி இல்லாத நாளில் தலைவலி என்பார். அன்று இரண்டுக்கும் முன்னால் மாமா அவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார்.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு. அது நெருங்கும் நாட்களில் அப்பா சவரம் செய்துகொண்டே ஒரு ஜபம் சொல்வார். "ஈ. எஃப், பி. டி, ஓ, இசட்." அப்படியே நீண்டுகொண்டு போகும். அதை ஆங்கில எழுத்துகளின் வரிசை என்று எடுத்துக்கொண்டு நானும் கூடவே படித்தேன். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் கேட்டபோது அதையே கணீரென்று ஒப்பித்தேன். "ஏ எங்கடி போச்சு?" என்று டீச்சர் தலையில் குட்டினார். எங்கள் வீட்டில் ஏ கிடையாது என்று சாதித்தேன். ஒரு குட்டுக்கு மூன்று குட்டு வாங்கினேனே தவிர, வரிசையை மாற்றவில்லை. சுபாவம் அப்படி.

தியேட்டரில் கண்ணாடியைக் கையில் வாங்கியதுமே அம்மா முந்தானையால் அழுத்தித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். "எவன் எவன் கண்ணுல கெடந்துச்சோ. மெட்ராஸ் ஐ ஒட்டிக்கினா ஊடே படுத்துக்கும்." எங்களுக்குப் பின்வரிசையில் அப்பாவின் செக்‌ஷன் சூப்பர்வைசர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். அப்பா பாதி எழுந்து வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகு, சினிமாவுக்கு வந்தவர் மாதிரி இல்லாமல் ஷிப்டில் நிற்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

படம் தொடங்கியது. விண்கப்பல் புறப்பட்டது. தியேட்டரே "ஆ" என்று பின்னால் சாய்ந்தது. நான் சாயவில்லை. ஓர் எந்திரக் கை நீண்டது. எல்லோரும் அலறிக் குனிந்தார்கள், ஒரு குழந்தை வீறிட்டது. எனக்குத் திரை திரையாகவே இருந்தது, கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தட்டையாக. கண்ணாடி சரியில்லை என்று மாமாவுடையதைப் பிடுங்கினேன். பிறகு அம்மாவுடையதை. மூன்றிலும் வேட்டிதான்.

"ஒண்ணும் வரல" என்றேன்.

"இன்னா கண்ணு இப்டி சொல்ற? மூக்கு மேல வந்து குந்திகினு கீது, பாரு!" என்றார் மாமா, காற்றில் எதையோ தள்ளிவிட்டுக்கொண்டே.

"எங்க குந்திகினு கீது? ஒண்ணுமே இல்ல!" நான் எழுந்து நின்றுவிட்டேன். "எல்லாரும் பொய் சொல்றீங்க. ஒண்ணும் வரல!"

நாலா பக்கமும் 'உஸ்' என்றார்கள். "யாருப்பா அது, புள்ளைய உக்கார வையி" என்று ஒரு குரல். "நைனா, அதுக்கு மட்டும் கரண்டு கட்டு போல" என்று இன்னொன்று. நான் உட்காரவில்லை. திரைக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டத்தைப் பார்த்தேன். படத்தைவிட அது நன்றாக இருந்தது. எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து, இல்லாத ஒன்றைப் பிடிக்கக் கைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டமாக உட்கார்ந்து காற்றில் மாவு பிசைந்தது போலிருந்தது.

அப்போதுதான் அப்பாவைக் கவனித்தேன். அப்பாவும் குனிந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் எல்லோரும் குனிந்து முடித்த பிறகு, ஒரு மூச்சு தாமதமாகக் குனிந்தார். கோயிலில் மந்திரம் தெரியாதவர்கள் பக்கத்து ஆளின் வாயைப் பார்த்து உதடு அசைப்பார்களே, அந்தத் தாமதம்.

"அப்பா, ஒங்களுக்கு வருதா?"

"வருதுட்டி. நல்லா வருது." பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "சும்மா இரி."

பின்னாலிருந்து சூப்பர்வைசர் குனிந்து கேட்டார். "என்னப்பா, பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலங்குதே?"

"சின்னப்புள்ள சார். பிடிவாதம்."

எனக்குக் காது சூடேறியது. கொஞ்ச நேரத்தில் ஓர் அமைதியான காட்சி வந்தது. பூமியிலேயே தங்கிவிட்ட ஒரு தாய் சாளரத்தருகே நின்று கண்ணீர் விடுகிறாள். எதுவும் யார் மேலும் பாய வேண்டிய அவசியமே இல்லை. அந்த நேரம் பார்த்து மாமாவின் கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். உடனே அப்பாவும் விசுக்கென்று குனிந்தார்.

"அப்பா, மாமா முறுக்கு எடுக்கத்தான் குனிஞ்சாரு!"

எங்கள் வரிசை சிரித்தது, பின்வரிசையும் சிரித்தது. அப்பா நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையையே பார்த்தார். சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அடித்திருந்தால்கூட எனக்குக் கணக்குச் சரியாகியிருக்கும்.

செய்தி எங்களுக்கு முன்னால் குவார்ட்டர்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியடியில் பிள்ளைகள் விசாரணை வைத்தார்கள். வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதாக, முழங்கைச் சிராய்ப்புக்காரன் தீர்ப்புச் சொன்னான். நான் தொட்டி மேல் ஏறி நின்று, "வரல, வரல, வரவே இல்ல" என்று கத்தினேன். அந்த விடுமுறை முழுவதும் தனியாகப் பாண்டி ஆடினேன். எல்லா ஆட்டத்திலும் நான்தான் ஜெயித்தேன்.

மாமாதான் கடைசியில் சொன்னார். "யக்கா, புள்ள பொய் சொல்லல. கண்ணுல இன்னாவோ கீது. டாக்டராண்ட காட்டு."

"அவ கண்ணுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. சட்டென்று சொன்னார். வழக்கமாக அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அம்மா ஒரு கொத்துக் கீரையை ஆய்ந்துவிடுவாள்.

ஆனால் மெட்ராஸ் ஐக்கே பயந்த அம்மாவை யார் தடுப்பது? இரண்டாம் நாள் எங்கள் இருவரையும் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். குடும்பத்துக்கு வைத்தியம் அங்கேதான், வருஷாந்திர மெடிக்கலும் அங்கேதான். ஒரே டாக்டர், ஒரே அறை. வழியெல்லாம் அப்பா எங்களுக்கு நாலடி பின்னாலேயே வந்தார்.

டாக்டர் என் வலது கண்ணை ஓர் அட்டையால் மறைத்து, சுவரைக் காட்டினார். சுவரில் எழுத்துப் பலகை. இடது கண்ணுக்கு அது மழையில் நனைந்த செய்தித்தாள் போலத் தெரிந்தது. ஆனால் உச்சியில் தனியாக நின்ற பெரிய எழுத்து ஈ என்று புரிந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வீட்டு ஏபிசிடி! அரசாங்கமே சுவரில் மாட்டி வைத்திருக்கிறது! டீச்சர் முகத்தை நினைத்துக்கொண்டு, டாக்டர் குச்சியை வைக்கும் முன்பே கடகடவென்று ஒப்பித்தேன். கடைசி வரி வரை ஒரு பிசகு இல்லை.

"பேஷ். கண்ணு கத்தி மாதிரி இருக்கு" என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்பா எழவில்லை.

"சார், அது அவளுக்கு மனப்பாடம்" என்றார். "வேற பலகை இருந்தாப் போட்டுப் பாருங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "மனப்பாடமா? இந்தப் பலகையா? எப்படி?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "வீட்டுல நான் சொல்லுவேன் சார். கேட்டுக் கேட்டுப் படிச்சிட்டா" என்றார்.

"இன்னாயா சொல்ற நீ?" என்றாள் அம்மா.

டாக்டர் பலகையைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் வேறு எழுத்துகள், எல்லாமே சின்னவை. ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கவிருந்தவளை, பெற்ற அப்பாவே வேறு பலகை கேட்டு முட்டை மார்க் வாங்க வைத்துவிட்டார் என்று அங்கேயே அழுதேன். டாக்டர் என்னை விட்டுவிட்டு அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னது அழுகைக்கு நடுவில் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்காத கோளாறு இது, அப்பனிடமிருந்து பெண்ணுக்கு வந்திருக்கிறது, சின்ன வயது என்பதால் இவளுக்கு ஓரளவு சரிசெய்யலாம் என்றார். அப்பாவைப் பற்றி என்ன சொன்னார் என்பதைக் கேட்க எனக்கு நேரமில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

எனக்கு நல்ல கண்ணைத் துணி ஒட்டி மூடினார்கள், சோம்பேறிக் கண் உழைக்க வேண்டுமாம். கடற்கொள்ளைக்காரி என்று பள்ளியில் பெயர் வந்தது. துணி மேல் மண்டையோடு வரைந்துகொண்டு போனேன்.

டாக்டர் எழுதிய சீட்டு தொழிற்சாலைக்குப் போன அடுத்த மாதம் அப்பாவை மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். அவர் சட்டையில் எண்ணெய்க் கறை நின்றுபோனது, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமும் நின்றுபோனது. கசங்காத சட்டையோடு சாயங்காலமே வீடு திரும்பும் அப்பாவைப் பார்த்து, அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவைத்தேன். அவர் காதிலும் அது விழுந்தது. மறுக்கவில்லை. அம்மா மட்டும் சில நாட்கள் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

அந்தப் படம் பூந்தமல்லிக்கு வந்தபோது மாமா மறுபடி கூப்பிட்டார். "இந்த வாட்டி வருதான்னு பாத்துரலாம் மாமே" என்று அப்பாவைச் சீண்டினார். அப்பா தலைவலி என்று சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

விண்கப்பல் புறப்பட்டது. தியேட்டர் பின்னால் சாய்ந்தது. எந்திரக் கை நீண்டது, எல்லாத் தலைகளும் கீழே போயின, மாமாவுடையதும் அம்மாவுடையதும்கூட. நான் கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் திரும்பினேன். அப்பாவின் கண்ணாடியும் மடியில் இருந்தது. அவரும் நிமிர்ந்துதான் இருந்தார்.

"வருதாப்பா?"

"ஒண்ணும் வரலட்டி" என்றார், தியேட்டருக்கே கேட்கிற மாதிரி.

என் பிடிவாதம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன், மெட்ராஸ் ஐ ஒட்டிக்கொள்வது போல. அப்படித்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.