கடைசி வளைவில் ஒரு "கைக்கு?"

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் சிரித்தாலே சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனைத் திருநெல்வேலியிலிருந்து பெயர்த்து, தெலுங்கும் உருதுவும் கலந்தடிக்கிற ஹைதராபாத்தில், ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போட்டால்? யார் எது பேசினாலும் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

வந்து இரண்டே மாதம். மெட்ராஸில் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பயிற்சியில் இருப்பவனுக்கு லீவு கிடையாதாம். ஒரே வழிதான் பாக்கி. தொழிற்சாலை சைக்கிள் பந்தயத்தில் முதலில் வருபவனை ஸ்பெஷல் லீவு கொடுத்து மெட்ராஸ் போட்டிக்கு அனுப்புவார்கள். ஜெயித்தால் பிள்ளை முகம் பார்க்கலாம்.

குவார்ட்டர்ஸைச் சுற்றிப் பதினைந்து ரவுண்டு. சின்னச் சுற்றுதான், நாலு வளைவு. இந்த மாதிரிப் பந்தயத்தில் கால் பலம் மட்டும் போதாது. தண்ணீர்த்தொட்டி வளைவில் எவன் முதலில் நுழைகிறானோ, வெற்றிக்கோடு அவனுக்குத்தான். அதற்கப்புறம் முந்துவதற்கு ரோடே மிச்சமில்லை.

என் லேத்துக்கு அடுத்த லேத்துக்காரன் இதே ஊர் லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்த தமிழன், என் வயசுதான். திட்டம் அவனுடையது. கடைசிவரை அவன் முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொள்வான், நான் அவன் பின்சக்கரத்தை ஒட்டியே வரவேண்டும். தொட்டி வளைவில் அவன் வலப்பக்கம் ஒதுங்குவான், நான் இடது ஓரமாய்ப் புகுந்துவிட வேண்டும்.

இவன் எதுக்கு எனக்கு இவ்வளவு செய்யணும்?

பந்தயத்துக்கு முந்தின நாள் டீக்கடை வாசலில் அவனும், பந்தயத்தில் எங்களுக்குப் போட்டியான திருமுல்கேரிக்காரனும் நின்றிருந்தார்கள். "கைக்கு? கைக்கு?" என்று திருமுல்கேரிக்காரன் கேட்க, இவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஆகா, யார் கைக்கோ என்னமோ போகுது, என்னை வித்துட்டானுங்க! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தயத்தில் சொன்னபடியே இழுத்துக்கொண்டு போனான். அதுவே உறுத்தியது. கடைசி ரவுண்டில் தொட்டி வளைவு நெருங்கும்போது, இடது ஓரத்தில் புகுந்தால் மதிலோடு வைத்து அமுக்கிவிடுவான் என்று தோன்றியது. சட்டென்று வலப்பக்கமாய் ஏறினேன். அவன் திரும்பிப் பார்த்து, "கைக்கு? கைக்கு?" என்று கத்தினான்.

எங்கள் ஊரில் வலப்பக்கம் என்றால் சோத்தாங்கைப் பக்கம். பின்னால் வருகிற திருமுல்கேரிக்காரனுக்கு, 'சோத்தாங்கைக்கு வந்துட்டான், மடக்கு' என்று ஆள் காட்டுகிறான்! விடுவேனா? எழுந்து நின்று மிதித்தேன். அதற்குள் அவன் சைக்கிள் பேசி வைத்தபடி வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு பேரும் மோதி விழுந்தோம். காலியாய்க் கிடந்த இடது ஓரத்தில் திருமுல்கேரிக்காரன் ஜம்மென்று போனான்.

முழங்கால் ரத்தத்தோடு அவன் என் சட்டையைப் பிடித்தான். "ஏன் இந்தப் பக்கம் வர்றேன்னுதானே கேட்டேன், பாவி!"

"கைக்குன்னா... ஏனா?"

"ஹவ்! ஆமா, இந்த ஊரு உருது!"

"அப்ப நேத்து டீக்கடையில?"

"அவனும் அதான் கேட்டான். உனக்கே ஜெயிக்கிற காலு இருக்கே, கைக்கு அவனுக்கு விட்டுக்குடுக்கறேன்னான். அவன் புள்ளையப் பாக்கணும்ப்பான்னேன்."

நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மகளை ஏழாவது மாதம்தான் பார்த்தேன். கை நீட்டினேன். என்னை மேலும் கீழும் சந்தேகமாய்ப் பார்த்துவிட்டு, அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.