ஜெராக்ஸ் அக்கா தண்ணியில்லாக் காட்டுக்குப் போனது

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த நகலெடுக்கும் கடையில் வேலை பார்த்ததால் அவளுக்கு ஜெராக்ஸ் அக்கா என்று பெயர் வந்தது. பிள்ளைகள் வைத்த பெயர். பரீட்சை நெருங்கினால் கடை வாசலில் தேர்த்திருவிழாக் கூட்டம்தான். ‘அக்கா எனக்கு முதல்ல’, ‘அக்கா பின்பக்கமும் போடுங்க’ என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். அக்கா யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

வரலாறு, கணக்கு, சட்டம் என்று எல்லாப் பாடங்களும் அவள் கையைக் கடந்து போயின. ஆனால் தாவரவியல் பிள்ளைகளின் படங்கள் வந்தால் மட்டும் கை கொஞ்சம் நிதானித்துவிடும். வேரைக் குறுக்கே வெட்டினால் உள்ளே என்ன இருக்கிறது, இலைக்கு அடியில் எத்தனை வாய்கள் என்றெல்லாம் வரைந்திருப்பார்கள். “இது என்னம்மா, சல்லடை மாதிரி இருக்கு?” என்று கேட்பாள். பிள்ளைகள் அவசரத்தில் பாதி சொல்லிவிட்டு ஓடுவார்கள். மீதிப் பாதி தெரியாமல் அக்காவுக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது.

இப்படிப் பாதி பாதியாகக் கேட்டுச் சலித்துப்போய், அதே கல்லூரியின் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. வாஷிங் மெஷின் மெக்கானிக்கான அவள் புருஷன், “படி படி. நம்ம பொண்ணு டிகிரி வாங்குறதுக்குள்ள நீ முந்திக்க,” என்று சிரித்தான்.

படிப்பை முடிக்க ஒரு பருவம் களத்தில் போய் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். முதல் தடவை கிளம்பும்போது மாமியாருக்கு ஆபரேஷன். அடுத்த தடவை மகளுக்குப் பொதுத் தேர்வு. இரண்டு முறையும் கட்டிய பெட்டியை அவிழ்த்து மேலே தூக்கிப் போட்டாள். மூன்றாம் முறை வந்தது பாலைவன ஆராய்ச்சி நிலையம். அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் சுவரில் பாசி ஏறுகிற ஊர். துவைத்த துணி காய மூன்று நாளாகும். அப்படிப்பட்டவள் பாலைவனத்துக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

“தப்புப் பண்ற ஆபீசரைத்தான் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்துவாங்க,” என்றான் புருஷன். “நீ என்னடான்னா கேட்டு வாங்கிட்டுப் போற.”

“போகட்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க.”

“நான் வேண்டாம்னா நிக்கப் போறியா? போயிட்டு வா.”

மகள் நாடா வைத்த பெரிய தொப்பி ஒன்று வாங்கி வந்தாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் அக்கா காளான் மாதிரி இருந்தாள். மகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அம்மா, இந்தத் தடவை எதுக்காகவும் திரும்பி வந்துடாத,” என்றாள். அது சும்மா சொன்ன வார்த்தை என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

ரயிலை விட்டு இறங்கியதும் அழைத்துப்போக வந்த டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “பொண்ணைக் கொண்டுவிட வந்தீங்களா?”

“இல்லைங்க. நான்தான் பொண்ணு,” என்றாள் அக்கா.

டிரைவர் அதற்குப் பிறகு வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு மாணவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தாள். அதே கல்லூரியின் பகல் வகுப்புப் பெண். அக்காவின் கடையில் எத்தனையோ தடவை நகல் எடுத்தவள். தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்பது அன்று ராத்திரி தெரிந்தது. அவளுக்கு வானொலி என்று அக்கா பெயர் வைத்தாள். அவளும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள்.

நிலையம் என்றால் நீளமான ஒரு தகரக் கூரைக் கட்டடம், பின்னால் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு கட்டில், குளிக்க ஒரு வாளித் தண்ணீர். படுக்கையை உதறினால் மணல், சீப்பைத் தட்டினால் மணல், பல்லைக் கடித்தால் அதிலும் மணல். வாரத்துக்கு ஒருமுறை லாரியில் தண்ணீர் வரும். நிலையத்தின் தலைவியை எல்லோரும் டாக்டர் என்றார்கள். செடிகளுக்கு டாக்டர். அக்காவைவிடப் பத்து வயதாவது சிறியவள். அக்கா அவளை மேடம் என்று கூப்பிட, அவள் கூச்சத்தில் நெளிந்தாள்.

“நீங்க என்னை மேடம்னா எனக்குத் திட்டவே வராது. களத்துல நான் திட்டுவேன். டாக்டர்னே சொல்லுங்க. நான் உங்களை அக்கான்னு கூப்பிட்டுக்கறேன்.”

“அக்கான்னு கூப்பிட்டுட்டுத் திட்டுவீங்களா?”

“எங்க வீட்ல அப்படித்தான்.”

வெளுக்கும் முன் கிளம்பி, வெயில் உச்சிக்கு வரும் முன் திரும்ப வேண்டும். இரும்பு முளை அடித்துக் குறித்த இடங்களில் ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் என்னென்ன உயிரோடு இருக்கிறது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் நாள் அக்கா எழுதியது, ‘ஒன்றுமில்லை.’ அடுத்த சட்டத்திலும் ஒன்றுமில்லை. அங்கங்கே நின்ற புதர்களெல்லாம் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டுவைத்தது போலத்தான் தெரிந்தன. பேசாமல் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்கே கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

டாக்டர் வந்து பார்த்தாள். “அக்கா, நின்னுக்கிட்டுப் பார்த்தா இங்க ஒண்ணும் தெரியாது. மண்டி போடுங்க.”

மண்டியிட்டாள். மூக்கு மணலில் இடிக்காத குறை. அப்போதுதான் சாம்பல் நிறத்தில் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொண்டு கிடந்த ஒரு கொடி தெரிந்தது. இலை கடுகளவு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒன்றுமில்லை என்று எழுதியதை அடித்துவிட்டு அக்கா எண்ண ஆரம்பித்தாள்.

ஒரு வாரம் மண்டியிட்டதில் முட்டி இரண்டும் தீய்ந்துபோயின. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் படியேறும்போது அவள் முகம் போன போக்கை வானொலி பார்த்துவிட்டாள். முட்டிக்குக் கட்டிக்கொள்ளப் பழைய பாய் ஒன்றைக் கிழித்து, நாலாய் மடித்து, நாடா வைத்துத் தைத்து, மறுநாள் காலையில் அக்காவின் கட்டில்மேல் போட்டாள். “என் தையல் கோணலா இருக்கும், கண்டுக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினாள். டிரைவரும் அதன் பிறகு வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தவில்லை. வெயில் நகர நகர வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அக்கா எண்ணுகிற இடத்தில் நிழல் விழும்படி நிறுத்தினார். பெட்ரோல் வீணாகிறதே என்று டாக்டரும் கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் சாயங்காலம் மழை வந்தது. தகரக் கூரையில் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டின மாதிரி ஒரு சத்தம். ஆறிய காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. அவ்வளவு அற்ப மழைக்கு டாக்டர் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடிக் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். சில நாளிலேயே, ஒன்றுமில்லை என்று அக்கா எழுதிய அதே மண்ணில், இரண்டிரண்டு வித்திலைகளோடு ஆயிரக்கணக்கில் முளைகள் எட்டிப் பார்த்தன.

“இதுங்களுக்கு ஆயுசு கொஞ்ச வாரம்தான்,” என்றாள் டாக்டர். “அதுக்குள்ள வளர்ந்து, பூத்து, விதை போட்டுட்டுப் போயிடும். தினமும் பார்க்கணும். அந்த மேட்டுப் பக்கம் உங்க பொறுப்பு அக்கா.”

தன் பொறுப்பில் ஒரு மேடு இருக்கிறது என்பதில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே ஒரு முளை மட்டும் நிலையத்துப் புத்தகத்தில் இருந்த எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. டாக்டரும் பூக்கட்டும் பார்க்கலாம் என்றாள். உலகத்துக்கே புதுச் செடி என்று வானொலி முடிவே கட்டிவிட்டாள். ‘ஜெராக்ஸ்’ என்று பெயர் வைக்கலாம் என்றும் சொன்னாள்.

இந்தச் செய்தியைச் சொல்லத்தான் அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். தண்ணீர்த் தொட்டியின் மேல்படியில் உட்கார்ந்தால்தான் சிக்னல் கிடைக்கும். புருஷன் முகம் வந்தது. வழக்கமாக அவன் கையை ஆட்டாமல் பேசவே மாட்டான். கையைக் கட்டிப்போட்டால் வாயும் கட்டிப்போகும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அன்று திரையில் கையே வரவில்லை. கொஞ்ச நாளாகவே வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் பின்னால் டம்ளரோடு ஒருத்தி குறுக்கே போனாள். அவன் தங்கை. வேறு ஊரில் பள்ளிக்கூட டீச்சர். வேலை நாளில் அவளுக்கு அங்கே என்ன வேலை?

“கையைக் காட்டுங்க.”

“எந்தக் கை?”

“வலது கை.”

“அது... உள்ள இருக்கு.”

“கையைக் கழட்டியா உள்ள வெச்சிருக்கீங்க? காட்டுங்கன்னா!”

மாவுக்கட்டு முழங்கை வரைக்கும் இருந்தது. ஒரு வீட்டு மாடிப்படியில் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சறுக்கிவிட்டானாம். ஆகி இரண்டு வாரம். மகள், புருஷன், நாத்தனார் மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு மறைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு வந்த கோபத்தில் அழுகை முந்திக்கொண்டது. போனை வைத்துவிட்டாள்.

நேராக டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். “நாளைக்குத் தண்ணி லாரி திரும்பும்போது நான் கிளம்புறேன். மூணு தடவையும் இப்படியே ஆச்சு. எனக்குக் கொடுத்து வைக்கலை.”

டாக்டர் தடுக்கவில்லை. “போறதுன்னா போங்க. யாரும் குறை சொல்ல மாட்டாங்க. உங்க மேட்டை நாங்க பார்த்துக்கறோம். ஆனா போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை முழுசாப் பேசிடுங்க. பாதியில வெச்சுட்டு வந்த மாதிரி இருக்கு.”

அறைக்கு வந்தால் வானொலி அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து அக்கா பார்த்தது அன்றுதான். அது தாங்காமல் மறுபடி தொட்டிப் படியேறினாள். இந்தத் தடவை போனை எடுத்தது நாத்தனார்.

“பெட்டியைக் கட்டிட்டீங்களா அண்ணி?”

“பின்ன? ஏன்டி எனக்குச் சொல்லலை?”

“சொன்னா இதைத்தான் செய்வீங்கன்னுதான். அண்ணி, கேளுங்க. எனக்கு முதல் பிரசவம் சிக்கலாகிப் படுத்துக் கிடந்தப்ப மாசக்கணக்கா வந்து இருந்தீங்க. குழந்தை துணியிலேருந்து என் மாமியார் வாய் வரைக்கும் எல்லாத்தையும் நீங்கதான் சமாளிச்சீங்க. அப்ப நான் உங்களைத் திருப்பி அனுப்பினேனா? நிம்மதியாத் தூங்கினேன். இப்ப என் முறை. ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“உங்க அண்ணனுக்கு வலி வந்தா ரொம்பப் படுத்துவார்டி.”

“உங்களுக்கு முன்னாடியே எனக்கு அவரைத் தெரியும். சின்ன வயசுல பல்லு விழுந்ததுக்கே ஊரைக் கூட்டின ஆளு. நான் பார்த்துக்கறேன். நீங்க வந்தீங்கன்னா நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் உங்ககிட்ட பேச மாட்டேன்.”

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. “அம்மா, திரும்பி வராதன்னு சொன்னேன்ல!” அதற்கும் பின்னாலிருந்து புருஷன். “அந்தப் புதுச் செடி என்ன ஆச்சுன்னு கேளு!”

அக்கா படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேர் சேர்ந்து தன்னை இங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்துவிட்டது. காலையில் லாரி தண்ணீரை இறக்கிவிட்டு அவள் இல்லாமலே திரும்பிப் போயிற்று. அக்கா முட்டியில் பாய்த்துண்டுகளைக் கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். வானொலி முந்தின ராத்திரியின் பாக்கியையும் சேர்த்துப் பேசிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

அந்த முளை விரல் உயரம்கூட வளரவில்லை. ஒருநாள் காலை ஊதாவில் சட்டைப் பொத்தான் அளவு பூ ஒன்று விட்டிருந்தது. மூன்று பேரும் சுற்றி மண்டியிட்டார்கள். டாக்டர் உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அட, இதுவா? இது எல்லா இடத்துலயும் வர்றதுதான் அக்கா. முளையில கொஞ்சம் வேற மாதிரி இருந்து ஏமாத்திடுச்சு.”

வானொலிக்கு முகம் தொங்கிவிட்டது. அக்காவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லா இடத்திலும் வருவதாக இருந்தால் என்ன, அவள் பார்ப்பது இப்போதுதானே. அது வாடி, விதை உதிர்க்கும் வரை தினமும் போய்ப் பார்த்தாள்.

பருவம் முடிந்து ஊர் திரும்பியபோது புருஷனின் கட்டு பிரித்தாயிற்று. கை கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் பேசும்போது முன்னைப்போலவே ஆடியது. டாக்டர் எழுதிக் கொடுத்த நல்ல வார்த்தையால் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் கல்லூரியின் உலர்செடிக் காப்பகத்தில் அக்காவுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. அடுத்த மழைக்கும் வரச் சொல்லியிருக்கிறாள் டாக்டர்.

நாத்தனார் அண்ணி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று காத்திருந்தாள். அன்று சாயங்காலமே அவளுக்குப் பஸ். அக்கா பஸ் நிலையம் வரை கூடப் போனாள். நன்றி என்கிற வார்த்தை கடைக்காரரிடமும் மேடையிலும் சொல்வது. அதை வீட்டு மனுஷியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“நீ ரொம்ப...”

“ரொம்ப என்ன அண்ணி?”

“ரொம்ப இளைச்சுட்ட.”

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க கறுத்துப் போயிட்டீங்க. போங்க, போய்ப் படுங்க. அடுத்த மழைக்குப் போறப்ப முன்கூட்டியே சொல்லுங்க, லீவு போடணும்.”

பஸ் திரும்பி மறையும் வரை அக்கா நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.